ஃப்ரீயா, பெய்டா? நியூஸ் ரீடர் ஆப் போடும் முன் ஒரு வில்லியனூர் கணக்கு!

போன்ல ஆப் ஸ்டோரைத் திறந்து 'நியூஸ் ரீடர்'னு தட்டிப் பாருங்க. விரல் வலிக்கிற வரைக்கும் தள்ளினாலும் பட்டியல் முடியாது. பலதில் 'இன்ஸ்டால்' பட்டனுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில், விளம்பரம் உண்டு, ஆப்புக்குள்ள காசு கட்டி வாங்குற சமாச்சாரமும் உண்டுன்னு போட்டிருக்கும். நாம அதைப் படிக்கிறதே இல்லை. இன்ஸ்டால் பண்ணி, நாலு நாள் பார்த்துட்டு, அஞ்சாவது நாள் 'பிரீமியத்துக்கு மாறுங்க'னு ஒரு பெட்டி குதிக்கும்போதுதான் யோசனையே வரும். ஃப்ரீ போதுமா, இல்ல காசு கட்டித்தான் ஆகணுமா?

இதுக்குப் பதில் தேடி சிலிக்கான் வேலி வரைக்கும் போக வேண்டாம். புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போல வந்தால் வில்லியனூர். அங்கே 1998-ல் நடந்த ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டாலே இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அலை உயரம் ஃப்ரீ... ஆனா யார் செலவு?

வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பசங்களில் பலருக்கே இது தெரியாது. இன்டர்நெட் என்றாலே நகரத்துப் பணக்கார வீட்டுச் சங்கதி என்று இருந்த காலத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து 'தகவல் கிராமம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கீழூர், மங்கலம், ஏம்பலம், வீராம்பட்டினம் என்று சுற்றுவட்டார ஊர்களில் அறிவு மையங்கள் திறந்தார்கள். கீழூர் என்றதும் 1954 அக்டோபர் 18 ஞாபகம் வருகிறதா? பிரெஞ்சு ஆட்சியில் இருந்து இந்தியாவோடு இணையலாமா என்று 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப்போட்ட அதே ஊர்தான்.

டெக்னிக் இதுதான். வில்லியனூரில் டயல்-அப் இணைப்பு. அங்கே இறக்கும் தகவலைத் தமிழாக்கி, வி.ஹெச்.எஃப் ரேடியோ மூலம் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். கரன்ட் போனால் சோலார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். இங்கிலீஷ் கீபோர்டிலேயே தமிழ் டைப்பிங் பழகி, விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், பஸ் நேரம், பரீட்சை ரிசல்ட் என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னவர்கள். ஏம்பலத்தில் மையம் இருந்தது கோயில் கட்டடத்தில். கருவறைக்குள் போக எல்லோருக்கும் அனுமதி இல்லாத அதே கட்டடத்தில், கம்ப்யூட்டர் அறைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். 2000-ம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் வந்து எழுதிவிட்டுப் போன சமாச்சாரம் இது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்களுக்கு வேண்டியது நாளைக்கு அலை எவ்வளவு உயரம் அடிக்கும் என்ற ஒரு தகவல். அதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். மீனவருக்கு ஒரு பைசா செலவு இல்லை. முழுக்க ஃப்ரீ.

இப்போ கணக்குப் போடுங்க. அந்த அலைத் தகவலுக்குக் காசு கொடுத்தது அமெரிக்க வரிதாரர். மையங்களின் கருவிகளுக்குப் பெரிய கை கொடுத்தது கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம். இடம் கொடுத்தது ஊர். உழைப்பைக் கொடுத்தது அந்தப் பெண்கள். ஃப்ரீ என்றால் காசே செலவாகவில்லை என்று அர்த்தம் இல்லை, வேற யாரோ கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். அப்படிக் கட்டுபவர் யார், எதுக்காகக் கட்டுகிறார் என்பதுதான் நீங்க ஆப் ஸ்டோரிலும் கேட்க வேண்டிய கேள்வி.

2004 டிசம்பர் 26 காலை, பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டில் இதன் மதிப்பு தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் விவரம் தெரிந்து வீட்டுக்கு போன் அடித்தார். சேதி கேட்டவர்கள் பூட்டிக்கிடந்த அறிவு மையத்தைத் திறந்து, அலை உயரம் சொல்லிக்கொண்டிருந்த அதே ஒலிபெருக்கியில் ஊரைக் கிளப்பினார்கள். சுனாமியில் படகுகளும் வீடுகளும் போயின. ஆட்கள் தப்பினார்கள். தகவல் படிக்கும் வசதியை 'சும்மா டைம்பாஸ்' என்று சொல்பவர்களிடம் நான் எப்பவும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நியூஸ்குரூப்: உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு தாத்தா

வில்லியனூரில் ரேடியோ மூலம் தகவல் பறந்துகொண்டிருந்த அதே வருடங்களில், வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசிய இடம் 'யூஸ்நெட்'. அமெரிக்காவின் வட கரோலினாவில் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் யோசித்து, 1980-ல் ஓடத்தொடங்கிய அமைப்பு. நாம இன்று பார்க்கும் வெப்சைட்டுகளுக்குப் பத்து வருஷம் மூத்தது. தலைப்பு வாரியாக நியூஸ்குரூப்கள் இருக்கும். 'சோக்.கல்ச்சர்.தமிழ்' என்ற பெயரில் தமிழர்களுக்கே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வர படாதபாடு பட வேண்டிய காலம். பாதிப்பேர் 'வணக்கம்' என்பதையே ரோமன் எழுத்தில்தான் அடித்தார்கள்.

வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். யூஸ்நெட்டுக்கு முதலாளி கிடையாது. ஒரு சர்வரில் விழுந்த பதிவை அடுத்த சர்வர் நகல் எடுத்துக்கொள்ளும், அதிலிருந்து இன்னொன்று. எந்த ஒரு கம்பெனி இழுத்து மூடினாலும் மொத்தமும் போகாது.

இதைப் படிக்கத் தனி மென்பொருள் வேண்டும். அங்கேதான் இந்த ஃப்ரீ - பெய்டு சண்டை அன்றைக்கே தொடங்கியது. 90-களில் விண்டோஸ்காரர்களிடம் பிரபலமான பெயர் 'ஏஜென்ட்'. காசு கொடுத்து வாங்க வேண்டும். அதே கம்பெனி 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று ஒன்றைச் சும்மாவே கொடுத்தது. இரண்டும் ஒரே முகம். ஆனால் வேண்டாத ஆட்களை வடிகட்டும் வசதி, எழுத்துப்பிழை திருத்தி போன்றவை வேண்டுமென்றால் பர்ஸைத் திறக்கணும். இன்றைக்கு நம்ம போனில் பெட்டி பெட்டியாகக் குதிக்கும் 'பிரீமியம்' வியாபாரத்துக்கு இது ஒரு முன்னோடி என்றே சொல்லலாம். இன்னொரு பக்கம் 'பான்', 'டின்', 'எஸ்.எல்.ஆர்.என்' போன்றவை லினக்ஸ், யூனிக்ஸ்காரர்கள் எழுதிப் பொதுவில் விட்டவை. அவற்றில் பூட்டி வைத்த வசதி என்று எதுவும் இல்லை.

ஃப்ரீ ஏஜென்ட்டின் ஒரு குணத்தை மட்டும் மெச்சணும். தலைப்புகளை மட்டும் முதலில் இறக்கும். வேண்டியதை டிக் அடித்தால் அதை மட்டும் கொண்டுவரும். அப்புறம் போன் லைனைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படிக்கலாம். நிமிஷத்துக்கு நிமிஷம் டெலிபோன் பில் ஏறிய காலத்தில் அது காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி. சும்மா கொடுத்தார்கள்.

இன்னைக்கு ஒரு ஆசையில் நியூஸ்குரூப் படிச்சுப் பார்க்கலாம்னு தோணினால், ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிஞ்சுக்கணும். படிக்கும் மென்பொருள் வேற, தகவல் தரும் சர்வர் வேற. அந்தக் காலத்தில் பல நாடுகளில் நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்களே சர்வரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போ அப்படி இல்லை. கூகுள் குரூப்ஸ் வழியாகப் படிக்கலாமே என்றால், 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு வரும் புதுப் பதிவுகள் அங்கே கிடையாது. பழைய பெட்டகத்தைத் தேடலாம், அவ்வளவுதான்.

லேப்டாப் இருந்தால் வழி சுலபம். மொஸில்லாவின் 'தண்டர்பேர்ட்' மென்பொருளில் நியூஸ்குரூப் படிக்கும் வசதி இன்னும் இருக்கு, முழுக்க இலவசம். 'எடர்னல் செப்டம்பர்' என்ற சர்வரில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். எழுத்துப் பதிவுகள் மட்டும் வரும். அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் காலேஜுக்கு வரும் புதுப்பசங்க யூஸ்நெட்டில் நுழைந்து ரகளை பண்ணி, அக்டோபருக்குள் மரியாதை கற்றுக்கொள்வார்களாம். 1993 - 94 வாக்கில் பெரிய நெட் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட, அந்த செப்டம்பர் முடியவே இல்லையாம்! ஒன்று மட்டும் ஜாக்கிரதை. தண்டர்பேர்டின் ஆண்ட்ராய்டு பதிப்பு மின்னஞ்சலுக்கு மட்டும்தான். நியூஸ்குரூப்புக்கு என்று அதை இறக்கி ஏமாறாதீங்க.

மாதச் சந்தா கேட்கும் யூஸ்நெட் சர்வர்களும் இருக்கு. அவை விற்பது பெரும்பாலும் பெரிய ஃபைல் இறக்கும் வசதியை. அங்கே சுற்றுவதில் கணிசமானது திருட்டு சினிமாவும் திருட்டு மென்பொருளும். படிக்க மட்டும் ஆசைப்படுகிற ஆளுக்கு அந்தச் சந்தா தண்டம்.

போனுக்கு வருவோம்

நம்ம கையில் இருப்பது போன். நியூஸ்குரூப்பின் குணத்தோடு, அதாவது நடுவில் ஒரு அல்காரிதம் இல்லாமல், நாமே தேர்ந்தெடுத்ததை வரிசையாகப் படிக்கிற மாதிரி, போனில் இருப்பது ஆர்.எஸ்.எஸ் ரீடர். பிடித்த தளத்தின் ஓடை முகவரியைக் கொடுத்துவிட்டால் அங்கே புதுசாக எது வந்தாலும் உங்க பட்டியலில் வந்து நிற்கும். பிளாகர் வலைப்பூக்களுக்கு இந்த ஓடை தானாகவே உண்டு. யூடியூப் சேனல்களுக்கும்கூட உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 'உங்களுக்காக'ன்னு யாரோ திணிக்கும் குப்பை இல்லாமல், நீங்க கேட்ட சேனல் மட்டும் வரும்.

இதிலும் ஃப்ரீ என்ற ஒரே பெயரில் மூணு வகை ஆட்கள் நிற்கிறார்கள். முதல் வகை, விளம்பரக் காசில் ஓடுவது. கட்டுபவர் விளம்பரதாரர், அவர் வாங்குவது உங்க கவனத்தையும் உங்களைப் பற்றிய விவரத்தையும். ஒரு நாள் டேட்டா ஒன்றரை ஜி.பி. என்றால் அந்த வீடியோ விளம்பரங்களுக்கும் அதில் இருந்துதான் போகும். அதுவும் உங்க காசுதானே!

இரண்டாம் வகை, ஃபீட்லி, இனோரீடர் போன்றவை. அடிப்படை சும்மா, மேற்கொண்டு வேண்டுமென்றால் சந்தா. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். உங்க ஓடைகளை அவர்களின் சர்வர் போய் எடுத்து வைக்கிறது, போனிலும் லேப்டாப்பிலும் எங்கே விட்டீங்களோ அங்கிருந்தே தொடரலாம். சர்வருக்கு மாதாமாதம் செலவு இருக்கு, சிலர் கட்டுகிற சந்தாவில் மற்றவர்களும் சேர்ந்து ஓடுகிறார்கள்.

மூணாவது, கட்டற்ற மென்பொருள். இங்கே 'ஃப்ரீ' என்பது விலையைப் பற்றியது இல்லை, உரிமையைப் பற்றியது. தமிழில் 'கட்டற்ற' என்று இதற்குத் தனிச்சொல்லே இருப்பது நமக்கு வசதி. இங்கிலீஷ்காரர்கள் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! ஆண்ட்ராய்டில் 'ஃபீடர்', ஐபோனில் 'நெட்நியூஸ்வயர்' இந்த வகை. மூலநிரல் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். விளம்பரம் கிடையாது. ஃபீடர் போனில் இருந்தே நேரடியாகத் தளத்துக்குப் போய்ச் செய்தியை எடுத்துவருகிறது, கணக்கு தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. இதில் செலவு வேற மாதிரி. தன்னார்வலர் ஓய்ந்துவிட்டால் புது அப்டேட் வராமல் போகலாம், 'கஸ்டமர் கேர்' என்று யாரையும் கூப்பிட முடியாது.

பெரிய கம்பெனி சும்மா கொடுத்தால் நிம்மதி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர்: கூகுள் ரீடர். 2005-ல் வந்தது, அருமையான மென்பொருள், முழு இலவசம். அதோடு போட்டி போட முடியாமல் பல சின்ன ரீடர்கள் ஒதுங்கின. 2013 ஜூலை 1-ம் தேதி கூகுள் அதை மூடியது. பயன்படுத்தியவர்கள் பயன்பாட்டாளர்கள்தான், வாடிக்கையாளர்கள் இல்லையே... என்ன செய்ய முடியும்? தப்பித்தவர்கள், தங்கள் ஓடைப் பட்டியலை 'ஓ.பி.எம்.எல்' ஃபைலாக இறக்கி வேறு ரீடரில் ஏற்றிக்கொண்டவர்கள். அதனால்தான் சொல்கிறேன், ஃப்ரீயோ பெய்டோ, செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்ற வார்த்தை இல்லாத ரீடரைத் தொடாதீங்க.

பாகூர் பஸ்ஸில் ஒரு டெஸ்ட்

ஆப் ஸ்டோர் ஸ்டாரை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். ஒரு நாள் போதும். காலையில் வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கும்போது ஆப்பைத் திறந்து புதுச் செய்திகள் இறங்கட்டும். அப்புறம் பாகூரில் பஸ் ஏறியதும் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டுப் படிங்க. தலைப்பு மட்டும் வந்து, உள்ளே தொட்டால் வெள்ளைப் பக்கம் சுற்றுகிறதா? அப்போ அது நகரத்து வைஃபைக்காரருக்குச் செய்த ஆப். வயல்களுக்கு நடுவே சிக்னல் ஒரு கோடாகிப் போகிற நமக்கு ஆகாது. 90-களின் ஃப்ரீ ஏஜென்ட் சும்மா செய்த வேலையைக்கூட சில ஆப்கள் இப்போ பிரீமியத்தில் வைத்துப் பூட்டியிருக்கின்றன என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அடுத்து தமிழ். தேடல் பெட்டியில் தமிழில் ஒரு சொல்லை அடித்துப் பாருங்க. 'நெல்' என்று தேடினால் 'நெல்லுக்கு' என்று இருப்பதையும் காட்டுகிறதா? எழுத்தைப் பெரிசாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா? ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறதா? காசு வாங்கும் ஆப்பிலும் இந்தக் கோளாறுகளைப் பார்க்கலாம். பழைய தமிழ்ப் பதிவுகளைத் தோண்டிப் படிப்பவர் என்றால் இன்னொரு சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன் 'தஸ்கி' போன்ற குறியேற்றங்களில் எழுதியவை இன்றைய ரீடரில் கன்னாபின்னா எழுத்தாகத்தான் தெரியும். பிரீமியம் கட்டினாலும் அது சரியாகாது. குறியேற்ற மாற்றி ஒன்றில் போட்டு எடுக்கணும்.

பிறகு அனுமதிகள். செய்தி படிக்கிற ஆப்புக்கு உங்க கான்டாக்ட் லிஸ்ட் எதுக்கு? லொகேஷன் எதுக்கு? மறுத்துப் பாருங்க. மறுத்தால் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், அங்கே விற்பனைக்கு இருப்பது நீங்கதான்.

சரி, எப்போ காசு கட்டலாம்?

என் அபிப்பிராயம், படிக்கிற பசங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. பத்து இருபது ஓடைகளுக்கு ஃபீடரோ, இனோரீடரின் இலவசப் பதிப்போ தாராளம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தினமும் நூற்றுக்கணக்கான செய்திகளில் குறிப்பிட்ட சொல் வரும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும் என்றால், அல்லது போன், லேப்டாப், வீட்டு டேப் என்று மூணிலும் படிப்பவர் என்றால், சந்தாவில் அர்த்தம் இருக்கு. அதுவும் முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும். மாதம் 99 ரூபாய் என்றால் ஒன்றும் தோன்றாது. வருஷத்துக்கு 1,188 ரூபாய் என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்க. அந்தக் காசில் ஒரு பகுதியைச் செய்தியை எழுதுகிற இடத்துக்குச் சந்தாவாகக் கொடுத்தால் என்ன என்றும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சோற்றை யாராவது சமைக்கணுமே.

கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறீங்க, ஆனா காசு இல்லையா? தமிழில் மெனு சரியில்லை என்றால் மொழிபெயர்த்துக் கொடுங்க, பிழை இருந்தால் தெரிவிங்க. எப்படி என்று கற்றுக்கொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். புதுச்சேரியிலேயே எஃப்.எஸ்.ஹெச்.எம் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கு, விழுப்புரத்தில் வி.கிளக் இருக்கு. 2012-ல் இருந்து தமிழில் இதையெல்லாம் எழுதிவரும் 'கணியம்' மின்னிதழை போனிலேயே படிக்கலாம். வில்லியனூர்ப் பெண்கள் 1998-ல் கொடுத்ததும் இந்த மாதிரி உழைப்புதான்.

கட்டுவது என்று முடிவாகிவிட்டால் ஆட்டோபே விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைங்க. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் இருந்தோ யு.பி.ஐ-யில் இருந்தோ மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரணும். 15,000 ரூபாய் வரை ஓ.டி.பி கேட்காமலே பிடிக்கலாம் என்பதால், அந்த எஸ்.எம்.எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் பணம் போய்விடும். கூகுள் ப்ளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் மனசு மாறினால் அங்கேயே ரீஃபண்ட் கேட்கலாம்.

இன்னொன்று, இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினால் சந்தா நின்றுவிடாது. ப்ளே ஸ்டோரில் உங்க படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' உள்ளே போய் அங்கே கேன்சல் பண்ணணும். ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து உங்க பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். 'ஏழு நாள் ட்ரையல்'னு ஏற்கெனவே எதையாவது தட்டி வைத்திருந்தால், முதலில் அங்கே ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.